பூக்கல் ஆர்டரும் பிபெல்லும்: வெப் சர்வீஸ்களைக் கோத்து வேலை நடத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் சிறு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக்கொடுப்பது என் தொழில். கேள்விகள் இரண்டு திசையிலிருந்து வரும். ஆத்தங்குடிக் கல் பட்டறை, பலகாரக் கடை, கண்டாங்கிச் சேலை வியாபாரம் என்று தொழில் நடத்துகிறவர்கள் ஒரு பக்கம். பாடத்தில் பிபெல் என்ற பெயரைப் பார்த்துவிட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகளும், சென்னையில் வங்கி, இன்சூரன்ஸ் மென்பொருளில் வேலை பார்த்துப் பொங்கலுக்கு ஊர் திரும்பும் தம்பிகளும் இன்னொரு பக்கம். எல்லோருக்கும் சேர்த்தே இந்தப் பதில்கள். உதாரணம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு பூக்கல் பட்டறைக்கு, அதாவது ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் இடத்துக்கு, பெங்களூரிலிருந்து வெப்சைட் வழியாக வரும் ஆர்டர். அந்தப் பட்டறை கற்பனை. அதற்கு வருகிற சிக்கல்கள் எல்லாப் பட்டறைக்கும் வருபவை.

சரி, ஆர்க்கெஸ்ட்ரேஷன் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஆர்டர் வந்ததும் என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். முன்பணம் வாங்கப் பேமென்ட் கேட்வே. அந்த டிசைன் கையிருப்பில் இருக்கிறதா என்று பார்க்க ஸ்டாக் மென்பொருள். இல்லையென்றால் பட்டறைக்கு வேலைச்சீட்டு. கல் தயாரானதும் பில், சரக்கை ஏற்றிச் செல்ல அரசுப் போர்ட்டலில் எடுக்கும் ஈ-வே பில், லாரி புக்கிங். ஒவ்வொன்றும் வேறு யாரோ எழுதி வேறெங்கோ ஓடுகிற மென்பொருள். நெட்வொர்க் வழியாக இப்படிக் கூப்பிடத் தக்க மென்பொருளைத்தான் வெப் சர்வீஸ் என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தன் வேலை மட்டும்தான் தெரியும். இவற்றை எந்த வரிசையில் கூப்பிடுவது, எதற்குக் காத்திருப்பது, ஒன்று கைவிட்டால் அடுத்து என்ன என்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி, அதை ஓட்ட ஒரு எஞ்சினை வைத்தால் அதுதான் ஆர்க்கெஸ்ட்ரேஷன். அப்படி எழுதுவதற்கு வெப் சர்வீஸ் உலகம் ஒப்புக்கொண்ட மொழி டபிள்யூஎஸ்-பிபெல். பேச்சில் வெறும் பிபெல்.

இதை ஜாவாவிலோ பைத்தானிலோ எழுதிவிட்டுப் போகலாமே?

எல்லாம் இரண்டு நொடியில் முடிகிற வேலை என்றால் தாராளமாக எழுதுங்கள். அதற்கு எஞ்சின் வைப்பது வீண் செலவு.

பூக்கல் அப்படி முடிகிற வேலை இல்லை. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவது கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, வண்ண சிமென்ட் கலவையைக் கையால் ஊற்றி, அதற்கு மேல் மணலும் சிமென்டும் போட்டு, பிறகு தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவிட்டுக் காயவைக்கிறார்கள். கேட்ட வண்ணத்தில் ஒரு பெரிய ஹாலுக்கு வேண்டிய கல் என்றால் வாரக்கணக்காகும். அதுவரை ஒரு ஃபங்ஷன் சர்வரின் நினைவகத்தில் நின்றுகொண்டே காத்திருக்க முடியாது. அதனால் டேட்டாபேஸில் 'நிலை' என்று ஒரு நெடுவரிசை சேர்ப்பீர்கள். அந்த நெடுவரிசையை மணிக்கொரு தரம் பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதுவீர்கள். அது தோற்றால் மறுபடி ஓட்ட இன்னொன்று. கொஞ்ச நாளில் நீங்களே ஒரு அரைகுறை எஞ்சினை எழுதி முடித்திருப்பீர்கள். அப்புறம் 'நிலை 4' என்றால் என்னவென்று, அதை எழுதிய தம்பி வேறு வேலைக்குப் போன பிறகு யாருக்கும் தெரியாது. காத்திருப்பு நீளமாக இருக்கிற இடத்தில்தான் இந்தத் தரங்களுக்கு மதிப்பு.

வெப் சர்வீஸ் தரங்கள் என்று எதையெல்லாம் சேர்க்கிறார்கள்?

பட்டியல் பெரிது, வேண்டியது கொஞ்சம். செய்தி எந்த உறையில் போகிறது என்பதைச் சொல்வது சோப், 1.1 பதிப்பு 2000-லும் 1.2 பதிப்பு 2003-லும் வந்தன. ஒரு சர்வீஸ் என்னென்ன செயல்களைத் தருகிறது, அவற்றுக்கு என்ன வடிவத்தில் செய்தி கொடுக்க வேண்டும் என்பதை விவரிப்பது டபிள்யூஎஸ்டிஎல். பெரும்பாலான இடங்களில் இன்றும் ஓடுவது 2001-இன் 1.1 பதிப்பு. பதிலை எங்கே அனுப்ப வேண்டும் என்பதைச் செய்தியோடு சேர்த்து அனுப்ப டபிள்யூஎஸ்-அட்ரெஸ்ஸிங். கையெழுத்துக்கும் மறையாக்கத்துக்கும் டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி. எல்லாமே எக்ஸ்எம்எல், அதாவது குறிச்சொற்களுக்குள் தகவலை அடக்கும் எழுத்து வடிவம்.

சர்வீஸ்களைத் தேடிக் கண்டுபிடிக்க யூடிடிஐ என்று ஒரு பொதுப் பதிவேடும் இருந்தது. உலகத்தில் எந்தக் கம்பெனியும் எந்தக் கம்பெனியின் சர்வீஸையும் தேடிப் பிடித்துத் தானாகவே வியாபாரம் தொடங்கிவிடும் என்று அப்போது கனவு கண்டார்கள். ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி நடத்திவந்த அந்தப் பொதுப் பதிவேட்டை 2006 ஜனவரியில் மூடிவிட்டார்கள். முன்பின் தெரியாத ஆளோடு யாரும் வியாபாரம் தொடங்குவதில்லை என்பது நம் ஊர்க்காரர்களைக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

பிபெல்லை யார் கொண்டுவந்தது?

2001-இல் ஐபிஎம்மிடம் டபிள்யூஎஸ்எஃப்எல் என்ற மொழி இருந்தது. மைக்ரோசாஃப்டிடம் பிஸ்டாக் சர்வருக்காகச் செய்த எக்ஸ்லாங் இருந்தது. முதலாவது, பெட்டிகளை அம்புக்குறிகளால் இணைக்கும் பாணி. இரண்டாவது, புரோகிராம் மொழிகளைப் போல ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பாணி. இரண்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் லாபமில்லை என்று பிஇஏ நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டு 2002-இல் ஒரே மொழியாக வெளியிட்டார்கள். 2003-இல் எஸ்ஏபியும் சீபலும் சேர்ந்தன, 1.1 பதிப்பு வந்தது, மொழி ஓயாசிஸ் என்ற தரம் வகுக்கும் அமைப்பின் கைக்குப் போனது. அங்கே நான்கு வருடம் பேசி, 2007 ஏப்ரலில் டபிள்யூஎஸ்-பிபெல் 2.0 தரமாக அறிவிக்கப்பட்டது.

சம்பந்தம் பேசி முடித்த மொழி என்பதால் இரண்டு வீட்டுச் சாயலும் அதில் தெரியும். வரிசையாக எழுத ஒரு வழி, இணைப்புகளால் வரைய இன்னொரு வழி, இரண்டும் ஒரே மொழிக்குள். தேர்வில் இதைப் பற்றிக் கேட்பார்கள். வேலையில் பெரும்பாலும் வரிசைப் பாணியே போதும்.

ஒரு பிபெல் ஃபைலைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும்?

முதலில் யார் யாரோடு பேசப்போகிறோம் என்ற பட்டியல், அதாவது பார்ட்னர் லிங்க்குகள். நம் ஆர்டரில் வாடிக்கையாளர், கேட்வே, பட்டறை, லாரி ஆபீஸ். அடுத்து மாறிகள். அதன் பிறகு வேலைகள். செய்திக்குக் காத்திருக்க ரிசீவ், பதில் சொல்ல ரிப்ளை, அடுத்தவர் சர்வீஸைக் கூப்பிட இன்வோக், ஒரு செய்தியிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலை நகர்த்த அசைன். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்ட சீக்வென்ஸ், ஒரே நேரத்தில் ஓட்ட ஃப்ளோ, நிபந்தனைக்கு இஃப், திரும்பத் திரும்பச் செய்ய வைல், ஃபார்ஈச்.

படிக்கிறவர்கள் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. இப்படி எழுதிய முழு வேலையும் வெளியே ஒரு வெப் சர்வீஸாகவே தெரியும். அதற்கும் ஒரு டபிள்யூஎஸ்டிஎல் இருக்கும். எனவே ஒரு பிபெல் இன்னொரு பிபெல்லைக் கூப்பிடலாம். கூப்பிடுகிறவருக்கு அந்தப் பக்கம் ஓடுவது ஜாவாவா, பிபெல்லா, கோபால் என்ற பழைய மொழியா என்று தெரியவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

பெங்களூர்க்காரர் பத்து நாள் கழித்து 'வண்ணத்தை மாற்றுங்கள்' என்று செய்தி அனுப்பினால், அது எந்த ஆர்டருக்கு என்று எஞ்சினுக்கு எப்படித் தெரியும்?

என்னைக் கேட்டால் பிபெல்லின் அருமையான பகுதி இதுதான். ஆனால் பெரும்பாலான பாடக் குறிப்புகளில் அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள்.

ஆர்டர் வந்த ஒவ்வொரு முறையும் எஞ்சின் அந்த வேலையின் புதுப் பிரதி ஒன்றை ஓட்டத் தொடங்குகிறது. நாற்பது ஆர்டர் இருந்தால் நாற்பது பிரதி, ஒவ்வொன்றும் வெவ்வேறு கட்டத்தில் காத்துக்கிடக்கும். வெளியிலிருந்து வரும் செய்தியோ ஒரே முகவரிக்குத்தான் வருகிறது. அதைச் சரியான பிரதியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் கோரிலேஷன் செட்.

வேலை இப்படி நடக்கும். 'ஆர்டர் எண்' என்று ஒரு பண்பை அறிவிக்கிறோம். ஆர்டர் செய்தியில் அது எந்த இடத்தில் இருக்கிறது, வண்ணம் மாற்றும் செய்தியில் எந்த இடத்தில், லாரி ஆபீஸின் பதிலில் எந்த இடத்தில் என்று ஒவ்வொரு செய்தி வகைக்கும் எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல்லுக்குள் இடம் சுட்டும் மொழி) வழியில் காட்டிவிடுகிறோம். முதல் ரிசீவில் அந்த எண் பிரதியோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அதே எண்ணோடு எந்தச் செய்தி வந்தாலும் எஞ்சின் தானாக அந்தப் பிரதியிடம் ஒப்படைக்கும். தனியாக டேட்டாபேஸில் தேடும் புரோகிராம் எதுவும் எழுத வேண்டாம்.

எதை அடையாளமாக எடுப்பது என்பதில்தான் அனுபவம் வேண்டும். வாடிக்கையாளர் பெயரை எடுக்காதீர்கள். செட்டிநாட்டில் இதைச் சொல்லவே தேவையில்லை: அண்ணாமலையும் மெய்யப்பனும் தெருவுக்கு நாலு பேர். அதனால்தான் பெயருக்கு முன்னால் அத்தனை எழுத்து விலாசம். மொபைல் எண்ணும் ஆகாது, ஒரே ஆள் இரண்டு ஆர்டர் போடுவார். சில வேளை ஒரு எண் மட்டும் போதாது. லாரி ஆபீஸுக்கு நம் ஆர்டர் எண் தெரியாது, அவர்களுடைய புக்கிங் எண்தான் தெரியும். அப்போது இரண்டாவது கோரிலேஷன் செட் ஒன்றைத் தொடங்கி, அவர்கள் முதல் பதிலில் தரும் புக்கிங் எண்ணை அதில் பிடித்துவைத்துக்கொள்ளலாம். ஒரே பிரதிக்கு இப்படிப் பல அடையாளங்கள் இருக்க மொழியே இடம் தருகிறது.

வாரக்கணக்கில் காத்திருக்கும்போது கரண்டு போனால்? சர்வரை மாற்றினால்?

ஒன்றும் ஆகாது, எஞ்சின் ஒழுங்காக இருந்தால். காத்திருக்கும் கட்டத்துக்கு வந்ததும் பிரதியின் முழு நிலையையும் டேட்டாபேஸில் எழுதிவிட்டு நினைவகத்திலிருந்து இறக்கிவிடும். ஆரக்கிள் எஞ்சினில் இதற்கு டீஹைட்ரேஷன் என்றே பெயர். செய்தி வந்ததும் எடுத்து மறுபடி உயிர்ப்பித்து விட்ட இடத்திலிருந்து தொடரும்.

தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. பாதி ஆர்டர்கள் பழைய பதிப்பில் ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் வேலையின் வரிசையை மாற்றிப் புதுப் பதிப்பு போடுகிறீர்கள். பழைய பிரதிகள் பழைய வழியிலேயே முடியட்டும், புது ஆர்டர் புது வழியில் போகட்டும் என்பதே பாதுகாப்பான முறை. நடுவில் இருப்பதைத் தூக்கிப் புதியதில் போட ஆசைப்பட வேண்டாம்.

பதில் வராமலே போனால்?

பிக் என்ற அமைப்பைப் பயன்படுத்துங்கள். பதில் வந்தால் ஒரு வழி, குறித்த நேரம் தாண்டினால் இன்னொரு வழி, எது முந்துகிறதோ அது. நேரம் தாண்டிய வழியில் உடனே மறுபடி அனுப்பத் தோன்றும். அதற்கு முன், எதிர்ப்பக்கம் ஒரே கோரிக்கை இரண்டு தடவை வந்தால் ஒன்றாக எடுத்துக்கொள்ளுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. முன்பணம் இரண்டு முறை பிடிக்கப்பட்டுவிட்டால் வாடிக்கையாளரிடம் யார் பேசுவது?

ஆர்டர் பாதியில் ரத்தானால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கடைசியாகக் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது இது. வேலை எப்படி நடக்கும் என்று படம் வரைவது அரை நாள் வேலை. நடந்ததை எப்படித் திருப்புவது என்று முடிவு செய்யத்தான் நாள் பிடிக்கும்.

பிபெல்லில் வேலையைச் சின்னச் சின்ன ஸ்கோப்களாகப் பிரித்து எழுதலாம். முன்பணம் ஒரு ஸ்கோப், பட்டறை வேலை ஒரு ஸ்கோப், பில்லும் ஈ-வே பில்லும் ஒன்று, லாரி ஒன்று. ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் இரண்டு வகைக் கையாளி வைக்கலாம். ஸ்கோப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை வந்தால் ஃபால்ட் ஹேண்ட்லர். ஸ்கோப் நல்லபடியாக முடிந்துவிட்டது, பிறகு வேறொரு காரணத்தால் அதைத் திருப்ப வேண்டும் என்றால் காம்பென்சேஷன் ஹேண்ட்லர். முடியாத ஸ்கோப்புக்குக் காம்பென்சேஷன் கிடையாது, ஏனென்றால் திருப்புவதற்கு முழுதாக ஒன்றும் நடக்கவில்லை. இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் பாதி பிபெல் புரிந்த மாதிரி. தனியாகச் சொல்லாவிட்டால், முடிந்த ஸ்கோப்களை முடிந்த வரிசைக்குத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டு வருவது மொழியின் வழக்கம்.

இப்போது நம் ஆர்டருக்கு வருவோம். முன்பணம் வாங்கியாகிவிட்டது, கலவை இன்னும் ஊற்றவில்லை, வாடிக்கையாளர் வேண்டாம் என்கிறார். சுலபம்: பணத்தைத் திருப்பு. ஊற்றிய பிறகு ரத்து செய்தால்? சிமென்ட்டை மறுபடி மூட்டையில் போட முடியாது. அவர் வீட்டுச் சுவருக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுத்த பச்சை இன்னொருவருக்குப் பிடிக்காமல் போகலாம். இந்த இடத்தில் காம்பென்சேஷன் ஹேண்ட்லருக்குள் என்ன எழுத வேண்டும் என்று எந்தத் தரமும் சொல்லாது. முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பது, கல்லைக் கையிருப்பில் எந்த விலைக்கு ஏற்றுவது என்பதைப் பட்டறை முதலாளிதான் சொல்ல வேண்டும். புரோகிராம் எழுதுகிற தம்பி தானாக ஒரு சதவீதம் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து அது வெளியே வரும்போது வீட்டில் பெரிய பஞ்சாயத்து நடக்கும்.

சில காரியங்களைத் திருப்பக் காலக்கெடுவும் உண்டு. ஈ-வே பில்லை எடுத்த 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், வழியில் அதிகாரி யாரும் சரிபார்த்திருக்கவில்லை என்றால். அதற்குப் பிறகு முடியாது. ஈ-இன்வாய்ஸ் (அரசுப் போர்ட்டலில் பதியும் பில்) போடும் அளவுக்கு விற்றுமுதல் உள்ள நிறுவனத்துக்கும் போர்ட்டலில் அதே 24 மணி நேரம்தான். தாண்டினால் கிரெடிட் நோட் போட வேண்டும். ஆகவே 'பில்லைத் திருப்பு' என்ற ஒரே ஹேண்ட்லருக்குள், 24 மணி நேரத்துக்குள் என்றால் இப்படி, தாண்டினால் அப்படி என்று இரண்டு வழி இருக்கும். லாரி ஏற்கெனவே கிளம்பிவிட்டால் அதைத் திரும்ப வரவழைப்பது புதிய சரக்குப் போக்குவரத்து. அதற்குத் தனிக் காகிதம், தனி வாடகை.

அதனால் நான் எந்தத் தொழில்காரரிடமும் முதல் பேச்சில் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுத் தருவேன். இடது பக்கம் செய்யும் வேலை, வலது பக்கம் அதைத் திருப்பும் வழி, அதற்கான கெடு, அதற்கு ஆகும் செலவு. வலது பக்கம் காலியாக இருக்கும் வரை புரோகிராம் எழுதத் தொடங்குவதில்லை.

எல்லாவற்றையும் ஒரே ட்ரான்ஸாக்ஷனாகப் போட்டு, தேவைப்பட்டால் ரோல்பேக் செய்துவிடலாமே?

எல்லாம் நடக்கும், இல்லையென்றால் எதுவுமே நடக்காததுபோல் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதுதான் ட்ரான்ஸாக்ஷன். அப்படித் திருப்புவது ரோல்பேக். ஒரே டேட்டாபேஸுக்குள் என்றால் சரி. இங்கே வங்கியும் வரித்துறைப் போர்ட்டலும் லாரி ஆபீஸும் தங்கள் டேட்டாபேஸை உங்கள் கல் காயும் வரை பூட்டிவைக்கச் சம்மதிப்பார்களா? நிறுவனத்துக்குள்ளேயே நொடியில் முடியும் வேலைகளுக்கு டபிள்யூஎஸ்-அட்டாமிக் ட்ரான்ஸாக்ஷன் என்ற தரம் இருக்கிறது. நீண்ட வேலைகளுக்கு டபிள்யூஎஸ்-பிஸினஸ் ஆக்டிவிட்டி. நீண்ட வேலையைச் சின்னச் சின்ன ட்ரான்ஸாக்ஷன்களாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிர்வேலை ஒன்றைச் சேர்த்து எழுதும் யோசனை வெப் சர்வீஸுக்கெல்லாம் முந்தியது. ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987-இல் எழுதிய 'சாகா' கட்டுரையில் அது இருக்கிறது. இன்று மைக்ரோசர்வீஸ் பாடங்களில் புதிதுபோல வரும் சாகா பேட்டர்ன் இதே சரக்குதான்.

கோரியோகிராஃபி என்றும் சொல்கிறார்களே, அது வேறா?

வேறுதான். இங்கே நகரத்தார் கடைகளை நினைத்துக்கொண்டால் எளிது. ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் ஒரே வீட்டுக்குக் கடைகள் இருந்தன. ஏஜெண்டுகள் கணக்கையும் கடிதத்தையும் ஊரில் இருக்கும் முதலாளிக்கு அனுப்புவார்கள். எல்லாக் கடையையும் சேர்த்துப் பார்க்கும் கண் அவருடையது. அது ஆர்க்கெஸ்ட்ரேஷன். ஆனால் ஒரு வீட்டார் எழுதிக்கொடுத்த உண்டியலை, அதாவது பணம் தரச் சொல்லும் சீட்டை, வேறொரு வீட்டாரின் கடை ஏற்றுப் பணம் தருவதற்கு இருவருக்கும் மேலே ஒரு முதலாளி கிடையாது. யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்ற முறை இரு பக்கமும் தெரிந்திருந்தது. அது கோரியோகிராஃபி.

இதை எழுத, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு டபிள்யூஎஸ்-சிடிஎல் என்ற மொழியை 2005-இல் பரிந்துரை வேட்பாளர் நிலை வரை கொண்டுவந்தது. அதற்கு மேல் போகவில்லை. எதிர்ப்பக்கத்தோடு ஒப்பந்தம் எழுத அது உதவும், ஆனால் ஓட்டிப் பார்க்க ஒன்றும் இருக்காது. பிபெல்லிலும் அப்ஸ்ட்ராக்ட் புராசஸ் என்று ஒரு வகை உண்டு: உள்விவரங்களை மறைத்து, வெளியாருக்குத் தெரிய வேண்டிய நடத்தையை மட்டும் காட்டுவது. அதை நேரில் பயன்படுத்திய இடங்கள் குறைவு.

நடுவில் ஒரு மனிதர் பார்த்துச் 'சரி' சொல்ல வேண்டும் என்றால்?

பிபெல் 2.0-வில் மனிதருக்கு இடமே இல்லை. எல்லாம் சர்வீஸ்தான். இது பெரிய ஓட்டை என்று எல்லோருக்கும் உடனே தெரிந்தது. பிபெல்4பீப்பிள், டபிள்யூஎஸ்-ஹியூமன்டாஸ்க் என்று பின்னால் ஒட்டுப் போட்டார்கள். நடைமுறையில் ஒவ்வொரு எஞ்சின்காரரும் தங்களுக்கென ஒரு டாஸ்க் பெட்டி செய்துகொண்டார்கள். நம் பட்டறையில் வண்ண மாதிரியை மேஸ்திரி பார்த்து ஒப்புக்கொள்ளும் கட்டத்துக்கு, ஒரு செய்தியை அனுப்பிவிட்டு அவர் பட்டனை அழுத்தும்வரை ரிசீவில் காத்திருப்பதே போதும்.

பிபிஎம்என் படத்துக்கும் இதற்கும் என்ன உறவு?

பிபெல்லுக்கென்று தனிப் படவடிவம் இல்லை, அது வெறும் எக்ஸ்எம்எல். வேலையின் ஓட்டத்தைப் படமாக வரையும் குறிமுறையான பிபிஎம்என் 2004-இல் பிறந்தது. படத்தில் வரை, பிபெல்லாக மாற்றி ஓட்டு என்பது அன்றைய திட்டம். படத்தில் அம்புக்குறி எங்கிருந்தும் எங்கும் தாவலாம், முன்னால் போனது பின்னாலும் திரும்பலாம். பிபெல்லின் அடுக்கு அமைப்புக்குள் அதை அடக்குவது பெரும்பாடு. ஒருமுறை மாற்றிய பிறகு பிபெல் ஃபைலில் கைவைத்தால் படமும் ஃபைலும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். 2011 ஜனவரியில் வந்த பிபிஎம்என் 2.0 தனக்கே ஓடும் விதிகளையும் கோப்பு வடிவத்தையும் வைத்துக்கொண்டது. பிபெல்லுக்கு அங்கிருந்து இறங்குமுகம்.

அப்படியென்றால் இன்று பிபெல்லை யாராவது புதிதாக எழுதுகிறார்களா?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மிகக் குறைவு. ஏற்கெனவே ஓடுவது நிறைய. ஆரக்கிள் 2004-இல் கொலாக்ஸா நிறுவனத்தை வாங்கித் தன் எஞ்சினை அமைத்தது. அதன் மேலும் ஐபிஎம் சர்வர்கள் மேலும் வங்கிகள், தொலைபேசி நிறுவனங்கள், அரசுத் துறைகள் எழுதிய பிபெல் இன்னும் வேலை செய்கிறது. பொங்கலுக்கு வரும் தம்பிகளில் சிலருக்கு அதைப் பராமரிப்பதே சம்பளம்.

புது வேலைக்கு காமுண்டா போன்ற பிபிஎம்என் எஞ்சின்கள், அமேசானின் ஸ்டெப் ஃபங்ஷன்ஸ், டெம்போரல் என்று பல இருக்கின்றன. சோப்பும் எக்ஸ்எம்எல்லும் இருந்த இடத்தில் ரெஸ்ட் என்ற எளிய அழைப்பு முறையும் ஜேசான் என்ற சிறிய தகவல் வடிவமும். நம் ஈ-வே பில் ஏபிஐயே ஜேசான்தான். பிபெல்லோ டபிள்யூஎஸ்டிஎல்லை அச்சாணியாக வைத்துக் கட்டியது. ரெஸ்ட் பரவியதும் அந்த அச்சாணி கழன்றது. மொழி தோற்றதற்கு நான் பார்க்கும் பெரிய காரணம் இது. கையால் எழுத முடியாத அளவுக்கு நீண்ட எக்ஸ்எம்எல் இரண்டாவது காரணம். மற்றபடி நிலையைச் சேமிப்பது, அடையாளம் வைத்துச் செய்தி சேர்ப்பது, நேரம் தாண்டினால் வேறு வழி, முடிந்ததைத் திருப்புவது ஆகிய நான்கும் புதிய கருவிகள் எல்லாவற்றிலும் வேறு வேறு பெயரில் இருக்கின்றன.

எங்கள் பட்டறைக்கு இது வேண்டுமா, தம்பி?

அநேகமாக வேண்டாம், அண்ணே. மாதத்துக்குக் கைவிரல் எண்ணிக்கையில் ஆர்டர் என்றால் ஒரு நோட்டும், பில் போடும் மென்பொருளும், பொறுப்பான ஒரு ஆளும் போதும். ஆர்டர்கள் ஒன்றோடொன்று குழம்பத் தொடங்கும்போது, முன்பணம் வந்ததா என்று மூன்று பேரைக் கேட்க வேண்டியிருக்கும்போது, லாரி கிளம்பிய பிறகு ஈ-வே பில்லில் வண்டி எண் விட்டுப்போனது தெரியவரும்போது யோசிக்கலாம். வெளிமாநிலத்துக்குப் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு ஈ-வே பில் கட்டாயம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடியாகும் காலமும் உண்டு. பெங்களூர் இங்கிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். இப்படிக் கெடு வைத்த வேலைகளை மறக்காமல் நினைவூட்டும் அளவுக்குச் சின்னதாக ஏதாவது வைத்தாலே பெரிய உதவி.

அப்போதும் வாங்க வேண்டியது பெரிய கம்பெனி சர்வர் இல்லை. யாராவது விலைப்பட்டியலோடு வந்தால், நான் மேலே சொன்ன கோடு போட்ட தாளை அவரிடம் கொடுத்து வலது பக்கத்தை நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பத் தெரியாதவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

கல்லூரி புராஜெக்டுக்கு எதை எடுக்கலாம்?

பிபெல்தான் பாடத்தில் இருக்கிறது என்றால் அப்பாச்சி ஓடிஇ என்ற பழைய ஓப்பன் சோர்ஸ் எஞ்சினில் ஒரு சின்ன வேலையை ஓட்டிப் பாருங்கள். புது வேலைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன், படிக்க ஏற்றது. 'ஹலோ வேர்ல்ட்' போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். இரண்டு ஆர்டர்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, இரண்டாவதுக்கு உரிய பதிலை முதலில் அனுப்புங்கள். சரியான பிரதிக்குப் போகிறதா? நடுவில் எஞ்சினை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். தொடர்கிறதா? மூன்றாவது ஸ்கோப்பில் வேண்டுமென்றே பிழையை எழுப்பி, முதல் இரண்டும் எந்த வரிசையில் திரும்புகின்றன என்று லாக்கில் பாருங்கள். வைவாவில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் அந்த லாக்கிலேயே இருக்கும்.